புதுக் கல்லீரலுக்கு எவ்வளவு நீர்

கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்கும் குடும்பங்கள் ஐசியூ வாசலில் கேட்கிற கேள்விகளில் பாதி தண்ணீரைப் பற்றியவை. "ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாளாச்சுங்க, இன்னும் சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தறீங்க, தெம்பு எப்படிங்க வரும்?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகன், "அப்பாவுக்குக் காலெல்லாம் வீங்கிக் கிடக்குது, இன்னமும் எதுக்குங்க பாட்டில் மாட்டறீங்க?" என்பார். இருவருமே சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பதும், வீங்கிய ஒருவருக்கு மேலும் கொடுப்பதும் ஒரே அறையில், ஒரே நாளில், ஒரே மருத்துவரின் கையால் நடக்கின்றன. அது ஏன் என்பதை நின்று நிதானமாகச் சொல்ல அங்கே நேரம் கிடைப்பதில்லை. நான் கோத்தகிரிப் பக்கத்தில் பிறந்தவள். சமவெளியில் ஒரு மாற்று அறுவை சிகிச்சை ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மலையில் இருக்கிறேன். நம் ஊர்க் குடும்பங்களுக்கும், மலையில் பணிபுரியும் இளைய மருத்துவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

உறுப்பு மாற்றுச் சட்டம் இந்தியாவில் 1994-இல் வந்தது. 1998-இல் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு டெல்லியில் கல்லீரல் மாற்று வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. 2008-க்குப் பின் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக் கொடை தமிழ்நாட்டில் ஒழுங்கான ஓர் அரசுத் திட்டமாக வளர்ந்தது. அறுவை நுட்பம், தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகள், இரத்தச் சேமிப்பு எல்லாம் இந்த ஆண்டுகளில் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும், அறுவை அரங்கிலிருந்து வந்து படுத்திருக்கும் நோயாளிக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிலிட்டர் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் தனிக்கருவி எதுவும் இன்றுவரை இல்லை. கட்டிலருகே நின்று, பல அடையாளங்களை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கடினம் எங்கே தொடங்குகிறது என்றால், நோயாளி அறுவை சிகிச்சைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிடுகிறது. சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், முற்றிய உடலில் குடலைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி விரிந்துவிடுகின்றன. இரத்தத்தின் பெரும்பகுதி வயிற்றுக்குள்ளேயே தேங்கிப்போக, கழுத்திலும் மார்பிலும் இருக்கும் அழுத்த உணர்விகள் இரத்தம் போதவில்லை என்றே மூளைக்குச் சொல்கின்றன. அதற்கு ஏற்பச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பது குறைந்துவிட்டதால், பிடித்து வைத்த நீர் குழாய்க்குள் நிற்காமல் வயிற்றிலும் காலிலும் இறங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஒரு சரிவு நின்றதும் இன்னொரு சரிவு பெயர்ந்து விழுந்ததும் எவ்வளவு பெய்தது என்பதால் மட்டும் அல்ல, பெய்தது மண்ணில் எங்கே போய்த் தங்கியது என்பதாலும்தான். சிரோசிஸ் நோயாளியின் உடலும் இப்படித்தான்: மொத்த நீர் மிகுதி, குழாய்க்குள் வேண்டிய இடத்தில் இருக்கும் நீர் குறைவு. வீக்கம் ஒரு கணக்கு, இரத்த ஓட்டம் வேறொரு கணக்கு. மகன் பார்த்த வீங்கிய காலும் நாங்கள் மாட்டிய பாட்டிலும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பது இதனால்தான்.

புதுக் கல்லீரல் பொருத்தியவுடன் இந்த நிலை நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விரிந்த குழாய்கள் சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்ப நாட்களும் வாரங்களும் ஆகலாம். இதற்கிடையில் பெரிய அறுவையால் ஏற்பட்ட இரத்த இழப்பு, கல்லீரலுக்கு மீண்டும் இரத்தத்தைத் திறந்துவிட்டபோது உடல் முழுவதும் பரவிய அழற்சி, வயிற்றுக்குள் தொடர்ந்து ஊறும் நீர் ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. குறைவாகக் கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும்; புதுக் கல்லீரலுக்குப் போகும் தமனியில் ஓட்டம் மந்தமாகும். இரத்தம் மிகக் கெட்டியாகிவிட்டால் அந்தத் தமனியில் உறைகட்டி உண்டாகும் அபாயம் உண்டு. முதல் நாட்களில் நாங்கள் மிகவும் அஞ்சுகிற சிக்கல்களில் அது முதன்மையானது. மிகுதியாகக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்து வென்டிலேட்டரிலிருந்து எடுப்பது தள்ளிப்போகும், குடல் வீங்கி அசையாமல் கிடக்கும், வயிற்றின் உள்ளழுத்தம் ஏறும். இவற்றோடு கல்லீரலுக்கே உரிய இன்னொரு தீங்கும் உண்டு. கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகள் நேரே கீழ்ப்பெருஞ்சிரையில் திறக்கின்றன, அது இதயத்துக்குள் திறக்கிறது. இதயத்தின் வலப்பக்க அழுத்தம் ஏறினால் அது அப்படியே பின்னோக்கி வந்து கல்லீரலில் இரத்தத்தைத் தேக்கும். உயிருள்ள கொடையாளரிடமிருந்து பெற்ற பகுதிக் கல்லீரலாக இருந்தால், வளர்ந்து பெருக வேண்டிய நேரத்தில் அது தேக்கத்தில் திணறும்.

இனி, வழக்கமாக நாம் பார்க்கும் அடையாளங்கள். வேறெந்த நோயாளியிடமும் ஓரளவு நம்பக்கூடிய இவை, கல்லீரல் மாற்றுக்குப் பின் ஒவ்வொன்றும் வேறு காரணத்தாலும் மாறக்கூடியவை. என் கருத்தில், இளைய மருத்துவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிரோசிஸ் நோயாளிக்கு வீட்டில் நடமாடும்போதே அழுத்தம் தாழ்ந்திருக்கும். அறுவைக்குப் பின் அது தாழ்ந்திருப்பதற்குக் குழாய் விரிவு காரணமாக இருந்தால், அதற்கு மருந்து குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின், பாட்டில் அல்ல. இரத்தக்கசிவு காரணமாக இருந்தால் இரத்தமும் மறுபடி அறுவை அரங்கமும் வேண்டியிருக்கும். கிருமித்தொற்று, பொருத்திய சிரையில் நெருக்கம், பெரிய அறுவையின் தாக்கத்தால் இதயத் தசை திடீரெனத் தளர்வது ஆகியவையும் இதே எண்ணைத் தரும். இதயத் தசை தளர்ந்தவருக்கு ஒரு லிட்டர் ஏற்றுவது நேரடியான கேடு. எனவே அழுத்தம் குறைந்தால் முதலில் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ கருவியை இழுத்து வர வேண்டும், பாட்டிலை அல்ல என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சிறுநீர் அடுத்தது. மணிக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிலிட்டர் என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஆனால் இந்த நோயாளியின் சிறுநீரகம் அறுவைக்கு முன்பே நலிந்திருக்கலாம். புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து, சிறுநீரக வடிகட்டிக்குள் நுழையும் நுண்தமனியைச் சுருக்கிச் சிறுநீரைக் குறைக்கும். நீர் ஏற்றுவதால் அது விரிந்துவிடாது. மறுபக்கம், உயர் அளவு ஸ்டீராய்டால் இரத்தச் சர்க்கரை ஏறி, அந்தச் சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேறும். பையில் நிறையச் சிறுநீர் இருக்கிறது, நோயாளிக்கு நீர் போதும் என்று அப்போது முடிவு செய்தால், உண்மையில் வறண்டுகொண்டிருப்பவரை நிறைந்தவராக எண்ணிவிடுவோம். சிறுநீரின் அளவைப் படிக்கும் முன் சர்க்கரையையும், கடைசியாகச் சிறுநீர் மருந்து எப்போது போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் அளக்கும் லாக்டேட் என்ற கழிவுப்பொருள் மூன்றாவது. திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது அது ஏறும் என்று படித்திருக்கிறோம். அதை இரத்தத்திலிருந்து நீக்கும் தலையாய உறுப்பு கல்லீரல். பொருத்திய கல்லீரல் இன்னும் விழிக்கவில்லை என்றால், ஓட்டம் செம்மையாக இருந்தாலும் லாக்டேட் உயர்ந்தே நிற்கும். அட்ரினலின் கொடுத்தாலும் ஏறும். அதை நீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி லிட்டர் லிட்டராகக் கொடுத்தால், விழிக்கத் தடுமாறும் கல்லீரலின்மேல் தேக்கத்தையும் ஏற்றுகிறோம். ஒரு தனி எண்ணைவிட, அடுத்தடுத்த மணிகளில் அது எந்தத் திசையில் போகிறது என்பதே பயன்தரும். சீராக இறங்கிக்கொண்டே வரும் லாக்டேட், புதுக் கல்லீரல் வேலை தொடங்கிவிட்டதற்கான முதல் நற்செய்திகளில் ஒன்று.

கழுத்துச் சிரை வழியே அளக்கும் மத்தியச் சிரை அழுத்தம், அதாவது சிவிபி, பல தலைமுறை மருத்துவர்கள் நீர்த்தேவையின் அளவுகோலாகவே நம்பியது. 2008-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, நீர் கொடுத்தால் இதயம் கூடுதலாக இரத்தத்தைத் தள்ளுமா என்பதை இந்த எண்ணால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று தெளிவாகக் காட்டியது. இந்த எண் எவ்வளவு எளிதில் பிசகும் என்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டிலோரக் கம்பத்தில் திருகி வைத்திருக்கும், அழுத்தத்தை அளக்கும் சிறிய டிரான்ஸ்டியூசர், நோயாளியின் நான்காம் விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றக் கட்டிலை உயர்த்தும்போது கம்பம் உயராமல் நின்றுவிடும். பத்து சென்டிமீட்டர் வேறுபட்டால் திரையில் 7 மி.மீ. பாதரசம் கூடிவிடும், உண்மையில் 5 இருப்பவருக்கு 12 என்று காட்டும். யாரோ அதைப் பார்த்து நீரை நிறுத்துவார்கள், அல்லது சிறுநீர் மருந்து போடுவார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர், நோயாளியின் மார்போரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு முறை எண்ணை எழுதும் முன்னும் டிரான்ஸ்டியூசரை அந்தப் புள்ளிக்கு நேராக்கிப் பூஜ்யம் செய்வார். விலையுயர்ந்த எந்தக் கருவியைவிடவும் அந்தப் புள்ளி எங்களுக்கு அதிகம் உதவியது. இன்றும் சிவிபியை நான் ஒதுக்கிவிடவில்லை. நீர் வேண்டுமா என்று கேட்க அது உதவாது. கல்லீரலின் பின்னால் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது, இதற்கு மேல் போகலாமா என்று கேட்க உதவும். அதை உச்சவரம்பாகக் கொள்ளலாம், இலக்காகக் கொள்ளக்கூடாது.

இங்கேதான் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். நீர் கொடுத்தால் இதயம் கூடுதலாகத் தள்ளுமா என்பது ஒன்று. அப்படிக் கூடுதலாகத் தள்ள வேண்டிய தேவை இப்போது உடலுக்கு இருக்கிறதா என்பது மற்றொன்று. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போது அரை லிட்டர் சலைன் ஏற்றினால் உங்கள் இதயமும் சற்றுக் கூடுதலாகத்தான் தள்ளும். அதனால் உங்களுக்கு அரை லிட்டர் குறைகிறது என்று ஆகாது. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தவுடனேயே பாட்டிலைத் திறந்துவிடும் பழக்கம்தான் ஐசியூக்களில் தேவையற்ற வீக்கத்துக்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். தேவை என்பதற்குச் சான்று ஓட்டக்குறைவு: விரல் நுனி வெளிறியிருப்பது, மனம் மங்குவது, சிறுநீர் குறைவது, லாக்டேட் ஏறுவது ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து ஒரே பக்கம் கை காட்டுவது. அது இருந்தால் மட்டுமே முதல் கேள்விக்குப் போக வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை காண இப்போது நல்ல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனையும் உண்டு. வென்டிலேட்டர் மூச்சுக்கேற்ப நாடியழுத்தம் (இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி) கூடிக் குறைவதை அளந்து, அந்த வேறுபாடு 13 விழுக்காட்டைத் தாண்டினால் நீருக்கு இதயம் செவிசாய்க்கும் என்று கொள்ளலாம். ஆனால் நோயாளி தானாக மூச்செடுக்கக்கூடாது, இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 8 மில்லிலிட்டர் காற்றாவது போக வேண்டும். கல்லீரல் மாற்று நோயாளிகளைச் சில மணி நேரத்திலேயே வென்டிலேட்டரிலிருந்து எடுத்துவிட இப்போதெல்லாம் முயல்கிறோம் என்பதால், இந்த வழி விரைவில் கைவிட்டுப் போகிறது. வென்டிலேட்டரில் இருக்கும்போது மூச்சு வெளியேறும் முடிவில் 15 நொடி நிறுத்திவைத்து, இதயம் தள்ளும் அளவு 5 விழுக்காடு கூடுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி.

எனக்கு மிகவும் பிடித்தது கால் தூக்கும் சோதனை. ஒரு சொட்டுகூட உடலில் ஏற்றாமல் விடை தரும் சோதனை அது. நோயாளியை 45 பாகையில் சாய்த்து உட்கார்த்திய நிலையில் இதயம் தள்ளும் அளவை எக்கோவில் அளக்க வேண்டும். பிறகு கட்டிலின் விசையைக் கொண்டே உடலைத் தாழ்த்திக் கால்பக்கத்தை உயர்த்த வேண்டும். கையால் காலைப் பிடித்துத் தூக்கினால் வலியால் துடிப்பு ஏறி விடை கெடும்; விலாவுக்குக் கீழே வயிற்றின் குறுக்காக நீண்ட தையல் இருப்பவருக்கு அந்த வலி சிறிதல்ல. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் இரத்தம் இதயத்தை நோக்கி வரும். ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் அளக்க வேண்டும். 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் இதயம் செவிசாய்க்கிறது. கட்டிலைப் பழையபடி வைத்தால் இரத்தமும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் வயிற்றின் உள்ளழுத்தம் ஏறியிருந்தால் இந்தச் சோதனை, இதயம் செவிசாய்க்கவில்லை என்று தவறாகச் சொல்லும், காலிலிருந்து வரும் இரத்தம் வயிற்றைக் கடக்க முடியாமல் நின்றுவிடுவதால். ஆகவே சிறுநீர்க் குழாய் வழியே 25 மில்லிலிட்டர் சலைன் விட்டு வயிற்றழுத்தத்தை அளந்த பிறகே நான் காலைத் தூக்கச் சொல்வேன். அது 12 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால் அளவுக்கு மீறியது. 20-ஐத் தாண்டி உறுப்புகளும் தளர்ந்தால் கேள்வி நீரைப் பற்றியது அல்ல, அறுவை மருத்துவரை அழைப்பதைப் பற்றியது.

சோதனைகள் எதுவும் தெளிவாக விடை தராதபோது, ஒரு நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் மட்டும் கொடுத்து எக்கோவில் பார்க்கிறோம். கூடவில்லையென்றால் அதோடு நிறுத்திவிடலாம். இழந்தது 100 மில்லிலிட்டர்தான். அரை லிட்டரைத் திறந்துவிட்டு அடுத்த சுற்றுக்கு வரும்போது பார்க்கலாம் என்று போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அல்ட்ராசவுண்டைக் கொண்டு கீழ்ப்பெருஞ்சிரையின் விட்டத்தை அளப்பது இப்போது பரவலாகிவிட்டது. அந்தச் சிரையோடு கல்லீரல் சிரைகளும் குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் நுழைவாயில் சிரையும் சிறுநீரகச் சிரையும் காட்டும் டாப்ளர் வடிவங்களை, அதாவது இரத்த ஓட்டத்தின் அலைவடிவங்களை, சேர்த்துத் தேக்கத்தைத் தரப்படுத்தும் ஒரு முறை 2020-இல் முன்வைக்கப்பட்டது. இதய நோயாளிகளிடம் அது அருமையாகப் பயன்படுகிறது. ஆனால் கல்லீரல் மாற்று நோயாளியிடம் அந்தச் சிரைகளில்தான் தையல் இருக்கிறது. தையலிடத்து நெருக்கமும் பகுதிக் கல்லீரலில் பாயும் மிகுந்த ஓட்டமும் டாப்ளர் வடிவத்தை மாற்றும். அதை நீர்த்தேக்கம் என்று படித்துவிடக்கூடாது. முதல் நாட்களில் கல்லீரல் தமனிக்காக எப்படியும் தினமும் டாப்ளர் செய்கிறோம். அன்றன்றைய படத்தை முந்தைய நாள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இதில் நம்பத்தக்கது.

இத்தனை கருவிகளுக்கு நடுவில் விரல் நுனியை மறந்துவிடக்கூடாது. ஆள்காட்டி விரலின் சதையை 10 நொடி வெளிறும் வரை அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. 3 நொடிக்கு மேல் ஆனால் ஓட்டம் குறைவு. தென்னமெரிக்க நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான ஆண்ட்ரோமீடா-ஷாக் ஆய்வு, கிருமித்தொற்று அதிர்ச்சி நோயாளிகளிடம் இந்த விரல் சோதனையை வழிகாட்டியாக வைத்துச் சிகிச்சை செய்வதை, லாக்டேட்டை வைத்துச் செய்வதோடு ஒப்பிட்டது. விரலைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நீரும் குறைவாகவே தேவைப்பட்டது. இறப்பும், புள்ளிவிவர உறுதியை எட்டாவிட்டாலும், குறைவாக இருந்தது. அது கல்லீரல் மாற்று நோயாளிகளிடம் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் லாக்டேட்டின் சொல் தடுமாறும் இந்த நோயாளிகளிடம் விரலின் சாட்சி எனக்குக் கூடுதல் மதிப்புள்ளதாகப் படுகிறது. மலையில் இதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: உதகையிலோ கோத்தகிரியிலோ மார்கழிக் காலையில் நலமான ஒருவரின் விரலை அழுத்தினாலும் நிறம் தாமதமாகத்தான் திரும்பும். கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகே அழுத்திப் பார்க்க வேண்டும்.

எந்த நீர் என்பதற்கு வந்தால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளோரைடு மிகுந்த சாதாரண சலைனைவிட ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலை நீர்மங்கள் சிறுநீரகத்துக்கு ஓரளவு நல்லவை என்று 2018-இல் அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளிடம் செய்த ஆய்வு காட்டியது. ஸ்டார்ச் நீர்மங்கள் சிறுநீரகத்தைக் கெடுப்பதை 2012-ஆம் ஆண்டு ஆய்வுகள் நிறுவிவிட்டதால் அவற்றைத் தொடுவதில்லை. சோடியம் நெடுநாளாகத் தாழ்ந்திருந்த நோயாளிக்கு அதை 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறவிடக்கூடாது. வேகமாக ஏறினால் மூளைத்தண்டு நரம்புகளின் உறை சிதையும். ஒரு லிட்டர் சலைனில் 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது என்பதையும், இரத்தப் பொருட்களிலும் சோடியம் உண்டு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இரத்தம் உறையும் நேரம் நீண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்றுவதும் சரியல்ல. கசிவு இல்லாதபோது அந்த எண் புதுக் கல்லீரலின் வேலையைக் காட்டும் கண்ணாடி. பிளாஸ்மா அதை மறைத்துவிடும், நீர்ச்சுமையையும் ஏற்றிவிடும். ஹீமோகுளோபின் 7 அல்லது 8 கிராமில் நின்றால் போதும். தேவைக்கு மேல் ஏற்றி இரத்தத்தைக் கெட்டியாக்குவது தமனிக்கு ஆபத்து.

குடும்பத்தினர் உள்ளே வந்தவுடன் முதலில் பார்ப்பது, வயிற்றுக்குள் ஊறும் நீரை வெளியேற்ற வைத்த ட்ரெயின் குழாயில் வடியும் நீரை. வெளிர் மஞ்சளாக, சில நாள் லிட்டர் கணக்கில் வடியும். பயந்துபோய், "இவ்ளோ தண்ணி வெளியே போவுதே, அவ்ளோவையும் உள்ளே ஏத்த வேண்டாமாங்க?" என்பார்கள். வடிவது வெறும் நீரல்ல. அதில் புரதமும் உப்பும் உண்டு. ஆகவே சொட்டுக்குச் சொட்டு சலைனால் ஈடுகட்டாமல், ஒரு பகுதியை அல்புமினாக ஈடுகட்டுகிறோம். 20 விழுக்காடு அல்புமின் 100 மில்லிலிட்டர் பாட்டிலில் 20 கிராம் இருக்கும். வயிற்று நீரை ஊசியால் எடுக்கும்போது ஒரு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் கொடுக்கும் பழைய கணக்கு இங்கேயும் தோராயமாகக் கைகொடுக்கும். நிறம் மாறினால் மட்டும் எல்லாக் கணக்கையும் நிறுத்த வேண்டும். சிவந்து, குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் வடிநீரின் ஹீமோகுளோபினையும் அளந்து அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரிக்கு அருகில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, கணவரின் கட்டிலருகே நின்று, "டாக்டரம்மா, நாக்கு ஒட்டுது ஒட்டுதுங்கறாரு, ஒரு வாய் தண்ணி குடுத்தா என்னாங்க ஆயிரும்?" என்று அழுதார். ஆக்ஸிஜன் காற்றும், வாயைத் திறந்து மூச்சுவிடுவதும், மருந்துகளும் நாக்கை வறட்டும். உடலில் நீர் மிகுந்தவருக்கும் அந்தத் தாகம் எடுக்கும். நீர்த்தேவைக்கு அது அளவுகோல் ஆகாது. ஆனால் வேதனை உண்மையானது. ஈரத் துணியால் வாயைத் துடைப்பதும், அனுமதித்த பிறகு ஒரு துண்டு ஐஸை நாக்கில் வைப்பதும் வேதனையைப் பெருமளவு தணிக்கும். அந்த அம்மாவிடமே துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னோம். மணிக்கொரு முறை செய்தார். குளுக்கோஸ் பாட்டில் தெம்பு தரும் என்ற நம்பிக்கையும் நம் ஊரில் ஆழமானது. 5 விழுக்காடு குளுக்கோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. மற்றதெல்லாம் தண்ணீர், அது தாழ்ந்த சோடியத்தை இன்னும் தாழ்த்தும்.

இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகு கேள்வி தலைகீழாக மாற வேண்டும். அதுவரை எவ்வளவு கொடுப்பது என்று கேட்டவர்கள், எவ்வளவு எடுப்பது என்று கேட்க வேண்டும். நார்அட்ரினலின் குறைந்து, லாக்டேட் இறங்கி, விரல் சூடாகிவிட்டால், கட்டிலோடு சேர்ந்த எடைக்கருவியில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து, சிறுநீர் மருந்தால் மெதுவாக நீரை இறக்குகிறோம். வரவு செலவு எழுதும் தாளில் ஆன்டிபயாடிக் கரைத்த 100 மில்லிலிட்டர், குழாய் அடைபடாமல் ஓடும் மணிக்குச் சில மில்லிலிட்டர் ஆகியவையும் எழுதப்பட வேண்டும். நீர்மமாகக் கொடுத்ததாக யாரும் நினைக்காத இவை ஒரு நாளில் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கு மேல்கூட வந்துவிடும். இந்தத் தாளை உண்மையாக எழுதும் சிஸ்டரின் உழைப்பில்தான் இந்தக் கட்டுரையில் உள்ள அத்தனை முடிவுகளும் நிற்கின்றன.

மலைக்குத் திரும்பும் நோயாளிக்கு இன்னும் இரண்டு சேதிகள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தின் 760-இலிருந்து 580 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. உள்ளிழுக்கும் ஈரக்காற்றின் ஆக்ஸிஜன் அழுத்தம் 150-இலிருந்து 112-ஐ ஒட்டி வந்துவிடும். கோயம்புத்தூரில் பொறுத்துக்கொண்ட அதே நுரையீரல் நீர், இங்கே மூச்சுத் திணறலாகத் தெரியலாம். சிரோசிஸால் நுரையீரல் நுண்குழாய்கள் விரிந்து ஆக்ஸிஜன் குறைந்திருந்தவர்களுக்கு, மாற்றுக்குப் பின் அது சரியாக மாதங்கள் ஆகும். இப்படிப்பட்டவர்கள் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சிறிது காலம் தங்கிவிட்டு ஏறுவது நல்லது என்று நான் வற்புறுத்துகிறேன்.

மற்றது வயிற்றுப்போக்கு. மழைக்காலத்தில் அது இங்கே சாதாரணம். மாற்று அறுவை செய்தவருக்குச் சாதாரணம் அல்ல. வயிற்றுப்போக்கில் உடல் வறள்வதோடு டாக்ரோலிமஸின் இரத்த அளவும் ஏறும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அப்போது மலை மருத்துவமனைக்கு வருபவருக்கு உடல்வலிக்கென, சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் டைக்ளோஃபினாக் ஊசி போடக்கூடாது. வழக்கப்படி இரண்டு பாட்டிலைத் திறந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கும் எடையோடு இன்றைய எடையை ஒப்பிட வேண்டும். நாடியையும், படுத்தும் உட்கார்ந்தும் எடுத்த இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். எடை குறைந்து, உட்காரும்போது அழுத்தம் சரிந்தால் சமநிலை நீர்மத்தை 250 மில்லிலிட்டராகக் கொடுத்து ஒவ்வொரு முறையும் மறுபடி பார்க்கலாம். எடை கூடி மூச்சு வாங்கினால் கொடுக்கவே கூடாது. இரண்டு நிலையிலும் அன்றே சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், டாக்ரோலிமஸ் அளவுக்கு இரத்தம் எடுத்துவிட்டு, மாற்று அறுவை செய்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, நோயாளியை இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, மலைப்பாதை திறந்திருக்கும்போதே இறக்கிவிட வேண்டுமா என்று கேட்க வேண்டும்.